விடுகிறவனைத் தனியே விடாதீர்கள்!

(மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளன்று, தேனியில் நூற்பாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



மே மாதத்தின் முதல் நாள் நம்முடைய நாள். அன்று கொடியேற்றிக் கோஷம் போட்டோம். இன்று அதே மாதத்தின் கடைசி நாள். உலகமெங்கும் இதைப் புகையிலை எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் பீடியைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பேசத்தான் வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

போன மாதம் நம் சங்கத்து நூற்பாலைத் தோழர் ஒருவர் பீடியை விட்டார். ப்ளோ ரூமில் இருபது வருஷமாகப் பஞ்சுத் தூசிக்குள் நிற்கிறவர். காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறியவர். "இனிமேல் பீடி குடித்தால் இந்த நெஞ்சு தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினோரு நாள் அவர் பீடியைத் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் இராத்திரி ஷிப்டு. மேஸ்திரியோடு வாய்த்தகராறு. மனது சரியில்லாமல் வாசல் டீக்கடைக்கு வந்தார். அங்கே நம் தோழர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். "என்னண்ணே, சாமியாராயிட்டீங்களாமே! நீங்களாவது, பீடிய விடுறதாவது!" என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கட்டைப் பிரித்து நீட்டினார். அவர் வாங்கிப் பற்றவைத்தார்.

அன்றிலிருந்து அவர் சங்க அலுவலகத்துக்கு வருவதில்லை. நம்மைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். இன்றைய கூட்டத்துக்கும் வரவில்லை. இருபது வருஷம் நம்மோடு கொடி பிடித்து நடந்தவர், ஒரு பீடியின் பொருட்டு நம் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறார். இது அவருடைய குற்றமா, நம்முடைய குற்றமா? இதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

நாமும் குடித்தவர்கள்தான்

உபதேசம் செய்ய நாம் இங்கே வரவில்லை. நாமும் குடித்தவர்கள்தான். மில் வாசலில் நோட்டீஸ் கொடுக்கப் போன வயதில் பழகியது, இருபது வருஷம் கூடவே வந்தது. சங்க அலுவலகத்தில் நடுச்சாமம்வரை உட்கார்ந்து எழுதும்போது எத்தனையோ இராத்திரி சோற்றுக்குப் பதில் பீடிதான். மூன்று தடவை விட்டோம். மூன்று தடவையும் திரும்பப் பிடித்தோம். நாலாவது தடவைதான் நின்றது. நின்று ஆறு வருஷமாகிறது.

முதல் மூன்று தடவை தோற்றதற்கும் நாலாவது தடவை ஜெயித்ததற்கும் நடுவே பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. முதல் மூன்று தடவையும் யாருக்கும் தெரியாமல் விட்டோம். தோற்றால் கேலி செய்வார்களே என்ற பயம். நாலாவது தடவை வீட்டில் சொன்னோம், அலுவலகத்தில் சொன்னோம், டீக்கடைக்காரரிடமும் சொன்னோம். அவ்வளவுதான். நமக்கு மனவுறுதி திடீரென்று கூடிவிடவில்லை. துணை கூடியது.

இது நம் ஒருவருடைய அனுபவம் மட்டுமல்ல. எந்த உதவியும் இல்லாமல் தனியாக விட முயல்கிறவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதமோ ஒரு வருஷமோ தாக்குப் பிடிக்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆலோசனையும் மருந்தும் கிடைத்தால் இந்தக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஆகவே, "நினைத்தால் விட்டுவிடலாம், அவனுக்கு மனசில்லை" என்று பேசுகிறவர்களுக்கு விஷயம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

பிடித்து வைத்திருப்பது எது?

புகையிலையில் நிக்கோடின் என்ற பொருள் இருக்கிறது. ஒரு இழுப்பு இழுத்தால் பத்து இருபது விநாடிக்குள் அது நெஞ்சிலிருந்து மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு சுகத்தைக் கொடுக்கிறது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் பாதி இரத்தத்திலிருந்து வடிந்துவிடுகிறது. உடனே மூளை "இன்னொன்று கொண்டா" என்று கேட்கிறது. கொடுக்காவிட்டால் எரிச்சல், படபடப்பு, தலைவலி. அடுத்த பீடியைப் பற்றவைத்ததும் எல்லாம் அடங்குகிறது. "பீடி குடித்தால்தான் மனசு அமைதியாகிறது" என்கிறோமே, அந்தக் கலவரத்தை உண்டாக்கியதே முந்தின பீடிதான். கந்துவட்டிக்காரன் கொடுக்கிற கடன் மாதிரி இது. பழைய வட்டியைக் கட்டவே புதுக் கடன் வாங்குகிறோம்.

இந்த விஷயம் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் ஏழு பெரிய புகையிலைக் கம்பெனித் தலைவர்கள் 1994 ஏப்ரலில் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன்னால் வரிசையாக உட்கார்ந்து, நிக்கோடின் மனிதனை அடிமைப்படுத்தாது என்றே தாங்கள் நம்புவதாகச் சத்தியப் பிரமாணத்தின்மீது சொன்னார்கள். 2006ல் அந்நாட்டு நீதிமன்றம், கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றிவந்தன என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டு சிகரெட் வியாபாரத்தில் முதலிடத்தில் இருக்கும் ஐடிசி, 1910ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி என்ற பெயரில் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. வெள்ளைக்காரன் போனாலும் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி இன்றைக்கும் அதில் பெரும் பங்கு வைத்திருக்கிறது.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டை எதிர்த்து ஒரு ப்ளோ ரூம் தொழிலாளி, பன்னிரண்டாம் நாள் நடுராத்திரியில், தன்னந்தனியாக நிற்கிறார். நம் தோழர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்! யார் பக்கம் நின்று சிரித்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

பீடி இலைதானே என்ற பேச்சு

சிகரெட்தான் கெடுதல், பீடி வெறும் இலைதானே என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். இந்தியாவில் 11 லட்சம் வீடுகளை எடுத்துச் செய்த ஓர் ஆராய்ச்சி 2008ல் வெளிவந்தது. சிகரெட் குடிக்கும் ஆண்களுக்குச் சுமார் பத்து வருஷமும், பீடி குடிக்கும் ஆண்களுக்குச் சுமார் ஆறு வருஷமும் ஆயுள் குறைகிறது என்று அது கண்டது. ஆறு வருஷம் என்பது சின்ன விஷயமா? பேரப்பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிற காலம் அது.

இன்னொன்று நம் தமிழ்நாட்டிலேயே செய்தது. டாக்டர் கஜலட்சுமியும் அவருடன் சேர்ந்தவர்களும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி வீடு வீடாக விசாரித்து, உயிரோடிருக்கும் 35,000 பேரோடு ஒப்பிட்டு, 2003ல் முடிவை வெளியிட்டார்கள். புகைக்கிறவர்கள் காசநோயால் சாவது புகைக்காதவர்களைப் போல நாலு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. நம் ஊரில் புகை என்றால் புற்றுநோய் மட்டும்தான் என்று நினைக்கிறோம். காசநோய்க்கும் கதவைத் திறந்துவிடுவது அதுதான்.

மில் தொழிலாளிக்கு இதில் இரட்டைக் கேடு. பஞ்சுத் தூசியே நுரையீரலைக் கெடுக்கும். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறதே, அது தூசி செய்கிற வேலை. அதன்மேல் புகையும் சேர்ந்தால் கேடு பல மடங்காகும். தூசியைக் குறைக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அதை நாம் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். புகையை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு வேறு விதமான ஆபத்து. திராட்சைப் பந்தலிலும் ஏலத்தோட்டத்திலும் மருந்தடித்துவிட்டுக் கையைக் கழுவாமல் பீடியை எடுத்து வாயில் வைத்தால், பூச்சிமருந்தும் சேர்ந்தே உள்ளே போகும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம்பிக்கைக்கும் ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் 34,000க்கு மேற்பட்ட ஆண் டாக்டர்களை 1951 முதல் ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு இழக்க இருந்த பத்து வருஷமும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பக் கிடைத்தது. நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது, ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, அறுபதில் விட்டவர்களுக்குக்கூட மூன்று. "இத்தனை வயசுக்கு மேல விட்டு என்னப்பா ஆகப்போகுது" என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதுதான் பதில்: மூன்று வருஷம் ஆகப்போகிறது, அய்யா!

பொறுமை என்றால் என்ன?

விடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதே. வேலைநிறுத்தத்தில் இறங்குகிறவனிடம் "ரொம்ப நாள் ஆகலாம்" என்று சொல்லி இறக்கினால் அவன் நிற்பான். "நாளைக்கே முடிந்துவிடும்" என்று சொல்லி இறக்கினால் மூன்றாம் நாள் உள்ளே போய்விடுவான்.

முதல் மூன்று நாள்தான் மிகக் கடுமை. எரிச்சல் வரும், தூக்கம் வராது, தலை வலிக்கும், வேலையில் கவனம் நிற்காது. சிலருக்கு மலச்சிக்கல் வரும். ஒரு வாரம் தாண்டினால் கொஞ்சம் இறங்கும். நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பசி கூடும், உடம்பு கொஞ்சம் சதைபோடும். இருமல் சிலருக்கு முதலில் கூடுதலாகவே வரும். நெஞ்சு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் இருமல் நிற்கவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

இவை எல்லாம் நோயல்ல. உடம்பு குணமாகிறதன் அடையாளம். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குக் கவாத்து வெட்டுகிறோம். வெட்டிய அன்று பந்தலைப் பார்த்தால் மொட்டைக் குச்சிதான் நிற்கும். புதிதாய் வந்த ஆள் பார்த்தால் கொடி செத்துப்போயிற்று என்பான். நாம் அப்படிச் சொல்கிறோமா? நாலு மாதம் தண்ணீர் கட்டிப் பொறுத்திருந்து பழம் பறிக்கிறோம். கொடிக்குக் காட்டுகிற பொறுமையை நம் கூடப் பிறந்தவனுக்குக் காட்டக் கூடாதா?

புகை கேட்டு நாக்கு நமநமக்கிற வேகம் சில நிமிஷம்தான் நிற்கும். கொடுத்தாலும் போகும், கொடுக்காவிட்டாலும் போகும். அந்தச் சில நிமிஷத்தைக் கடத்துவதுதான் வித்தை. ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். எழுந்து பத்தடி நடங்கள். வாயில் நாலு சீரகமோ சோம்போ போடுங்கள். ஏலக்காய் நல்லதுதான். ஆனால் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறி மலைக்குப் போய் அதைப் பறிக்கிற நம் பெண்கள் வீட்டிலேயே அது இருப்பதில்லை; விலை அப்படி! ஆகவே சீரகம் போதும்.

டீயையும் பாதியாகக் குறையுங்கள். இதற்கும் காரணமுண்டு. புகைக்கிறவன் உடம்பு டீயின் வீரியத்தைச் சீக்கிரம் கழித்துவிடும். விட்டபிறகு அதே டீ உடம்பில் அதிக நேரம் தங்கும். நாலு டீ குடித்துவிட்டு, "பீடியை விட்டதால்தான் கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை" என்று பலர் ஏமாந்துபோகிறார்கள்.

நாளொன்றுக்கு முப்பது ரூபாய் பீடி சிகரெட்டுக்குப் போகிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 10,950 ரூபாய். அந்த முப்பதை தினமும் ஒரு உண்டியலில் போட்டு, வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுங்கள். நாலு வாரம் கழித்து உடைத்துப் பாருங்கள். நாம் அப்படித்தான் செய்தோம். வீட்டில் பிள்ளைக்குச் சைக்கிள் வந்தது அந்தக் காசில்தான்.

துணை என்றால் என்ன?

இப்போது விடாதவர்களும், குடிக்காதவர்களும் கேட்க வேண்டிய பகுதி இது.

1917ல் லெனினும் தோழர்களும் சுவிட்சர்லாந்திலிருந்து ரஷ்யாவுக்கு ரயிலில் திரும்பினார்கள். லெனின் வாலிபத்தில் புகைத்தவர். தாயார் கேட்டுக்கொண்டதால் விட்டவர். பிறகு புகையைக் கண்டால் ஆகாது. பெட்டிக்குள் யாரும் புகைக்கக் கூடாது என்றார். புகைக்கிற தோழர்கள் எல்லோரும் கக்கூசுக்குள் போய்ப் புகைத்தார்கள். வெளியே அவசரத்தோடு நின்றவர்களுக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் சண்டை. லெனின் யாரையும் ஏசவில்லை. காகிதத்தைக் கிழித்து இரண்டு விதச் சீட்டு எழுதினார். அவசரத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று, புகைக்க வருகிறவர்களுக்கு ஒன்று. வரிசை வந்தது, சண்டை தீர்ந்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இதில் பாடம் இருக்கிறது. கண்டித்துப் பேசுவதைவிட ஓர் ஏற்பாடு செய்வது மேல்.

நாம் என்ன ஏற்பாடு செய்யலாம்?

வேலைக்கூட்டாளிகள் மூன்று காரியம் செய்யுங்கள். விட்டவர் முன்னால் பற்றவைக்காதீர்கள். அவருக்கு நீட்டாதீர்கள். அவரைக் கேலி செய்யாதீர்கள். "எத்தனை நாளாச்சுண்ணே?" என்று கேளுங்கள், போதும். அவர் பதினோரு நாள் என்று சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்வதைப் பாருங்கள்.

இரண்டு பேராகச் சேர்ந்து விடுங்கள். ஒரே ஷிப்டு, ஒரே டீ நேரம் என்றால் ரொம்ப நல்லது. நாக்கு கேட்கிற நேரம் ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மலைக்கு ஜீப்பில் போகிறவர்கள், குளிருக்குப் பீடி என்பதை விட்டு ஒரு பிளாஸ்க்கில் சுக்குத்தண்ணீர் கொண்டுபோங்கள்.

வீட்டுச் சகோதரிகளே, அவர் முதல் வாரம் எரிந்து விழுவார். "இதுக்கு நீ பீடியே குடிச்சிருக்கலாம்" என்று வாய்வரை வரும். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதே சமயம் ஆண்களுக்கும் ஒன்று சொல்கிறோம். பீடியை விடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் கத்தவும் கையோங்கவும் யாருக்கும் உரிமை கிடையாது. கோபம் வந்தால் வெளியே போய்க் கால்மணி நடந்துவிட்டு வாருங்கள். துணை நிற்கிறவளை மிதித்துக்கொண்டு எந்தப் போராட்டமும் ஜெயிக்காது.

பிள்ளைகளிடம் காசு கொடுத்து "பெட்டிக்கடையில் பீடி வாங்கிட்டு வா" என்று அனுப்பாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதை 2003ம் வருஷச் சட்டம் தடுக்கிறது. கடைக்காரர் கேட்காவிட்டாலும் நாம் கேட்போம்.

பெண்களும் ஒரு விஷயத்தை மறைக்க வேண்டாம். நாற்று நடும்போதும் களையெடுக்கும்போதும் வெற்றிலையோடு புகையிலை போடுகிறீர்கள். வாலிபர்கள் உதட்டுக்குள் பொட்டலம் வைக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2013ல் குட்காவைத் தடை செய்தும் பெட்டிக்கடைகளில் ஒளித்து விற்கிறார்கள். புகை வராவிட்டாலும் அதுவும் நிக்கோடின்தான். வாய்ப்புற்று வருவது பெரும்பாலும் இந்தப் புகையிலையால்தான். விடுகிற வழியும் ஒன்றேதான். மின் சிகரெட் என்று பட்டணத்தில் பேசுகிறார்களே, அதையும் 2019லேயே நாடு முழுவதும் தடை செய்தாகிவிட்டது.

மருந்து எடுப்பதில் வெட்கம் வேண்டாம். நிக்கோடின் மெல்லும் பசை மருந்துக்கடையில் கிடைக்கிறது. மிட்டாய் மாதிரி மென்று தள்ளக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால்மணி முன்பிருந்தே டீ குடிக்கக் கூடாது. இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். ஆசையைக் குறைக்கிற மாத்திரைகளும் உண்டு. அவற்றை டாக்டர்தான் தர வேண்டும். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், "டாக்டர், பீடியை விடணும், உதவி பண்ணுங்க" என்று வாய்திறந்து கேளுங்கள். 1800-11-2356 என்று ஒரு நம்பர் இருக்கிறது. புகையிலைப் பொட்டலத்தின்மேலேயே அச்சடித்திருப்பார்கள். காசில்லாமல் கூப்பிடலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து தமிழிலேயே பேசுவார்கள்.

பீடி சுற்றுகிற கைகள்

ஒரு தோழர் நேற்றுக் கேட்டார்: "எல்லோரும் விட்டுவிட்டால், திருநெல்வேலியிலும் தென்காசியிலும் பீடி சுற்றுகிற நம் சகோதரிகள் கதி என்ன?" நியாயமான கேள்வி. புகையிலைத் தூசியில் உட்கார்ந்து, முதுகொடிய ஆயிரம் பீடி சுற்றிச் சொற்பக் கூலி வாங்குகிறவர்கள் அவர்கள். 1966ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்ததே பெரும் போராட்டத்தினால்தான். அவர்கள் நமக்கு எதிரிகளல்ல.

வழி இருக்கிறது. கேரளத்தில் கண்ணூரில், முதலாளிகள் பீடிக் கம்பெனிகளை மூடிவிட்டுப் போனபோது, தொழிலாளர்கள் 1969ல் தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் பீடிக்குக் கிராக்கி குறைந்தபோது, அந்தச் சங்கம் உணவுப் பொருள், குடை, துணி என்று வேறு தொழில்களில் இறங்கியது. பீடி சுற்றுகிறவர்களுக்கு மாற்றுத் தொழில் கேட்பதும், பீடி குடிக்கிறவர்களை மீட்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். நம் தோழரின் நெஞ்சு கெட்டால்தான் அந்தச் சகோதரியின் அடுப்பெரியும் என்ற ஏற்பாடு இருவருக்குமே அநியாயம்.

சின்ன நாடுகூட பெரிய கம்பெனியை எதிர்த்து நிற்க முடியும். உருகுவே என்ற தென்னமெரிக்க நாட்டில், புற்றுநோய் டாக்டரான தபாரே வாஸ்கெஸ் இடதுசாரி முன்னணியின் சார்பில் ஜனாதிபதியானார். 2006ல் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தார். பெட்டிகளில் பெரிய எச்சரிக்கைப் படம் போடச் செய்தார்கள். பிலிப் மோரிஸ் கம்பெனி 2010ல் அந்நாட்டின்மீது சர்வதேச வழக்குப் போட்டது. ஆறு வருஷம் நின்றார்கள். 2016ல் கம்பெனி தோற்றது. அங்கேயும் பொறுமைதான் ஜெயித்தது.

நம் நிலைமை என்ன? 2009-10ல் நாடு முழுவதும் பெரியவர்களில் நூற்றுக்கு 34.6 பேர் புகையிலை உபயோகித்தார்கள். 2016-17ல் அது 28.6 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ அதே காலத்தில் 16.2 என்பது 20 ஆகக் கூடியது. அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதும் புகைக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் விட நினைப்பதாகச் சொன்னார்கள். மனசில்லை என்று யார் சொன்னது? மனசு இருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை.

வழுக்கினால் தோல்வியல்ல

கடைசியாக, நம் ப்ளோ ரூம் தோழரிடம் வருவோம். பதினோரு நாள் நின்று, பன்னிரண்டாம் நாள் வழுக்கினார். பதினோரு நாளும் வீணா? இல்லவே இல்லை. பதினோரு நாள் அவர் நெஞ்சுக்கு ஓய்வு கிடைத்தது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த மனநிலையில் தடுக்கும் என்று தெரிந்தது. இராத்திரி ஷிப்டு, மேஸ்திரி சண்டை, வாசல் டீக்கடை. அடுத்த தடவை அந்த மூன்றுக்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்ளலாம். பெரும்பாலானவர்கள் பல தடவை முயன்றுதான் விடுகிறார்கள்.

நம் வயல்களுக்குத் தண்ணீர் தருகிற முல்லைப் பெரியாறு அணையை எண்ணிப் பாருங்கள். 1887ல் வேலை தொடங்கியது. கட்டியதை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காட்டுக்குள் காய்ச்சலில் எத்தனையோ கூலித் தொழிலாளர்கள் செத்தார்கள். மறுபடி கட்டினார்கள். 1895ல் அணை நின்றது. முதல் வெள்ளத்தோடு மூட்டை கட்டியிருந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் ஏது?

ஒரு பீடி குடித்துவிட்டார் என்பதற்காக ஒரு கட்டு குடிக்க வேண்டியதில்லை. விழுந்த இடத்திலிருந்தே எழுந்து நடக்கலாம். ஆனால் வெட்கம் என்று ஒன்று வந்துவிட்டால் எழுந்திருக்க விடாது. அந்த வெட்கத்தைக் கொடுத்தது பீடியல்ல, நாம்தான்.

ஆகவே தோழர்களே, நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு மணி அடிக்குமுன் நாம் அவர் வீட்டுக்குப் போகிறோம். அன்று டீக்கடையில் சிரித்த தோழரும், கட்டை நீட்டிய தோழரும் வருகிறார்கள். அவர்களே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "ஏன் குடித்தீர்கள்?" என்று யாரும் கேட்கக் கூடாது. "அண்ணே, அன்னைக்கு நாங்க செஞ்சது தப்பு. நாங்களும் விடுறதா இருக்கோம். நீங்க பதினோரு நாள் இருந்த ஆளு, எங்களுக்கு எப்படின்னு சொல்லிக்குடுங்க" என்று கேட்க வேண்டும்.

ஒவ்வொரு மில் வாசலிலும், ஒவ்வொரு ஜீப் நிற்கிற முக்கிலும், விடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரைத் தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் நில்லுங்கள். நாலு வாரம் பொறுங்கள். வழுக்கினால் கை கொடுங்கள். மறுபடியும் நாலு வாரம் பொறுங்கள்.

விடுகிறவரைத் தனியே விடாதீர்கள், தோழர்களே!